எலும்பு மஜ்ஜை மாற்று: பார்க்கப் போகாமல் உதவுவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் தங்கை கணவருக்கு 34 வயது. ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து நோய் கட்டுக்குள் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அவருடைய அண்ணனிடமிருந்து ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்) எடுத்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்யப் போகிறார்கள். மணலியில் கம்பெனி வேலை, ஈஎஸ்ஐ உண்டு. நாலு வயதில் ஒரு பையன். குடியிருப்பது ஒண்டுக்குடித்தனம், பாத்ரூம் பொது. உதவ நாங்கள் ஏழெட்டுப் பேர் தயாராக இருக்கிறோம். ஆனால் ஒருவர் மட்டும்தான் கூட இருக்கலாம், யாரும் பார்க்க வரக்கூடாது என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: நோயாளியைப் பார்த்துக்கொள்ள டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள். உங்கள் தங்கையைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே ஆள் கிடையாது. அவர் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வீட்டுக் கவலை இல்லாமல் கணவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு வழிசெய்வதுதான் உங்கள் ஏழெட்டுப் பேரின் வேலை. கட்டிலருகே போய் நிற்பதைவிட இது பெரிய உதவி. வேலைகளை இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் ஆனபிறகு யோசிக்க நேரம் இருக்காது.

என்ன நடக்கப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். சேர்த்தவுடன் ஏறக்குறைய ஒரு வாரம் கடுமையான கீமோ. அதன் பிறகு அண்ணனின் செல்லை ரத்தம் ஏற்றுவது போலவே டிரிப்ஸில் ஏற்றுவார்கள். இதில் ஆபரேஷன் கிடையாது. அந்த நாளைப் பூஜ்ஜியம் நாள் என்று வைத்து எண்ணத் தொடங்குவார்கள். அடுத்த இரண்டு வாரம்தான் மோசம்: வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியாது, முடி கொட்டும், காய்ச்சல் வரும். புதிய செல் பிடித்து வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். டிஸ்சார்ஜ் ஆனதும் முடிந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் 100ஆம் நாள் வரை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். குடும்பம் களைத்துப் போவது அப்போதுதான், ஆட்கள் குறைவதும் அப்போதுதான். ஏழெட்டுப் பேரில் பாதிப் பேரை டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்று ஒதுக்கி வையுங்கள்.

முதல் வேலை பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) டோனர் பட்டியல். அணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் பலமுறை பிளேட்லெட் தேவைப்படும். எடுத்த பிளேட்லெட் 5 நாளுக்கு மேல் தாங்காது, முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாது. பத்துப் பேரின் பெயர், குரூப், எடை, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி இவற்றை ஒரு நோட்டில் எழுதி ஒருவர் பொறுப்பில் வையுங்கள். 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்கு மேல் எடை, கையில் நல்ல நரம்பு, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. மலேரியா குணமாகி 3 மாதம், டெங்கு குணமாகி 6 மாதம், பச்சை குத்தி 12 மாதம் கடந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெறும் வயிற்றில் போகக்கூடாது. இட்லி சாப்பிட்டுப் போகலாம். பிரியாணி, பூரி மாதிரி எண்ணெய் மிகுந்ததைச் சாப்பிட்டுப் போனால் பிளாஸ்மா பால்போலக் கலங்கி, எடுக்க முடியாமல் போகலாம். மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 48 மணி நேரம் கழித்து அதே ஆள் மறுபடி கொடுக்க முடியும், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. காசிமேட்டுப் பையன்கள் பட்டியலில் இருந்தால் அவர்கள் கடலில் இருக்கும் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்காரர்கள் அப்போது கரையில் இருப்பார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மாற்று சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் ரத்த சொந்தங்கள் அவருக்கு ரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அண்ணனின் செல்லை உடல் எதிர்க்கப் பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. தங்கை பக்கத்து ஆட்கள் தரலாம்தானே என்று தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் நடந்த கல்யாணம் என்றால் நீங்களும் ரத்த சொந்தம்தான். பிளட் பேங்கில் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: அண்ணன் தம்பி குரூப் வேறு வேறு என்றால், மாற்று முடிந்தபின் நோயாளியின் குரூப் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனுடையதாக மாறும். எந்த குரூப் வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் வார்டில் கேட்டுக்கொண்டே டோனரைக் கூப்பிடுங்கள். கதிர் பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும். வெளி பிளட் பேங்கில் வாங்க நேர்ந்தால் அந்தச் சீட்டில்லாமல் போகாதீர்கள்.

செல் கொடுக்கும் அண்ணனைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவருக்கு 4, 5 நாள் ஊசி போடுவார்கள். இடுப்பு, முதுகு எலும்பெல்லாம் வலிக்கும், தலை கனக்கும். டாக்டர் சொல்லும் பாராசிட்டமால் போதும். பிறகு மெஷினில் 4 முதல் 6 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போனால் அது கால்சியம் குறைவது, உடனே நர்ஸிடம் சொன்னால் சரிசெய்வார்கள். கொடுத்த செல் மறுபடி ஊறிவிடும், ஆண்மைக் குறைவு எதுவும் வராது. இதை அவர் மனைவியிடம், அதாவது உங்கள் தங்கையின் ஓரகத்தியிடம், டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஊசியால் மண்ணீரல் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மூட்டை தூக்கும் வேலைக்கு ஒரு வாரமாவது போகக்கூடாது. அந்த நாட்களின் கூலியை நீங்கள் ஈடுகட்டுவது நியாயம்.

மாற்றுக்கான இந்தக் கடுமையான கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய ஒரு விஷயத்தைக் கூச்சத்தில் விட்டுவிடுவார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பிறக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால், விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க முடியுமா என்று இப்போதே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கூட இருப்பதற்குத் தங்கையோடு இன்னொருவரையும் தயார் செய்யுங்கள். இரண்டு பேருமே நர்ஸிடம் கை கழுவும் முறையைக் கற்றுக்கொண்டு வாரம் மாற்றி வாரம் இருக்கலாம். தங்கைக்குச் சளி பிடித்தால் அன்றே வெளியேற வேண்டும். மாற்று ஆள் இல்லாத வீடுகளில் சளியை மறைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறார்கள், அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், தலையில் பூ கூடாது. வடிவுடையம்மன் கோயில் தீர்த்தமும் தர்காவில் ஓதிய தண்ணீரும் நல்ல மனதோடுதான் வரும். அவை வீட்டிலேயே இருக்கட்டும், வாயில் ஊற்றவோ அறைக்குள் கொண்டுபோகவோ வேண்டாம். பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று யார் கொண்டுவந்தாலும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பச்சை இலைச் சாற்றில் கிருமி இருக்கும், மூலிகை கல்லீரலையும் மாத்திரையின் அளவையும் குழப்பும். "எப்படி இருக்கார்?" என்று தங்கைக்கு நாற்பது போன் வருவதை நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது. தினமும் மாலை நீங்கள் ஒருவர் மட்டும் அவரிடம் பேசி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைத் தண்டையார்பேட்டையில் சமைத்து டிபன் கேரியரில் ஒரு மணி நேரம் தூக்கிக்கொண்டு போவது வேண்டாம். ஆறிய சோற்றில்தான் கிருமி பெருகும். உள்ளே வீட்டுச் சாப்பாடு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டென்றால் ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே ஒரு இண்டக்ஷன் அடுப்பும் 2 லிட்டர் குக்கரும் வைத்துச் சுடச்சுடச் செய்து கொடுங்கள். இட்லி பானையிலிருந்து நேராகத் தட்டுக்கு வரலாம். பச்சைத் தேங்காய்ச் சட்னி கூடாது, கொதித்த சாம்பார் சரி. முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். இறக்கிய பிறகு மிளகுத்தூள், இட்லிப்பொடி தூவக்கூடாது. வேகாத மசாலாவில் பூஞ்சை வித்து இருக்கும், வேகும்போதே சேர்த்துவிட்டால் பயமில்லை. தயிர், ஊறுகாய், கருவாடு, பழைய சோறு எல்லாம் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தம். பம்ப்ளிமாஸ் பழத்தைத் தொடவே கூடாது, அது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தண்ணீர் மெட்ரோ லாரியில் வந்தாலும் கேனில் வந்தாலும் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான்.

வீடு விஷயத்தில் தயங்காமல் சொல்கிறோம்: பொது பாத்ரூம் உள்ள ஒண்டுக்குடித்தனத்துக்கு அவரை டிஸ்சார்ஜ் செய்து கொண்டுவர வேண்டாம். குறைந்தது மூன்று மாதத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தில், தனி பாத்ரூம் உள்ள ஒற்றை அறையாவது பாருங்கள். வீட்டுக்காரரிடம் நோயைச் சொல்லியே கேளுங்கள், இது யாருக்கும் தொற்றாது. சுவரில் ஓதம், கருப்புப் பூஞ்சைத் திட்டு, ஜன்னலில் புறா எச்சம், பக்கத்தில் கட்டட வேலை, கண்டெய்னர் லாரி ஓடும் சாலை இவை இருந்தால் வேறு அறை தேடுங்கள். அந்தத் தூசியில் வரும் பூஞ்சை நுரையீரலைத்தான் பிடிக்கும். பெயின்ட் அடிப்பதானால் அவர் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அவர் அறையில் இருக்கும்போது பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருந்தால் இன்னும் கவனம்: அறை வியாசர்பாடிப் பக்கம் என்றால், கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும்போது அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில் போவது என்பதை நள்ளிரவில் யோசிக்க முடியாது.

காய்ச்சலும் நள்ளிரவில் வரலாம். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் காலைவரை காத்திருக்கக் கூடாது, தெருமுனை கிளினிக்கில் ஊசியும் போடக்கூடாது. வார்டு நம்பருக்குப் பேசிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். அவர்களைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். எந்த இரவில் யாருடைய ஆட்டோ என்று வாரப் பட்டியல் போடுங்கள். ஃபைல், மாத்திரை டப்பா, மாற்றுத் துணி ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும்.

மாத்திரையில் ஒரு நுணுக்கம். நோய் எதிர்ப்பைக் குறைக்க சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கொடுப்பார்கள். அதன் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில், காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துப்போய், ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். பழக்கத்தில் வீட்டிலேயே கொடுத்துவிட்டால் அளவு பொய்யாக அதிகம் காட்டும், டாக்டர் டோஸைக் குறைப்பார், அண்ணனின் செல் தம்பியின் உடலைத் தாக்கத் தொடங்கலாம். அதைத்தான் ஜிவிஹெச்டி என்பார்கள். உள்ளங்கை, பாதத்தில் சிவந்த தடிப்பு, தண்ணீராக வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்கக் கூடாது. கடையில் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இது இருக்காது, ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

பையனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் வேண்டாம். "அப்பா ரத்தத்தில் நோய், சரிசெய்ய மருந்து போடுகிறார்கள், நீ செய்த எதனாலும் வரவில்லை" என்ற அளவு நாலு வயதுக்குப் புரியும். மொட்டைத் தலையை வீடியோ காலில் முன்பே காட்டிவிடுங்கள். போலியோ சொட்டு மருந்து முகாமில் மட்டும் கவனம்: வாய்வழிச் சொட்டு மருந்தின் கிருமி சில வாரம் குழந்தையின் மலத்தில் வெளியேறும், அப்பாவுக்கு அது ஆபத்து. ஊசி வடிவப் போலியோ தடுப்பு மருந்துதான் வேண்டும் என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது. யாருக்காவது அம்மை போட்டால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், தடுப்புக்கான நேரம் சில நாள்தான்.

பணத்துக்கு முதல் கதவு ஈஎஸ்ஐ. டிஸ்பென்சரி, ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி என்று முறைப்படி பரிந்துரைக் கடிதம் வாங்கிய பிறகே மாற்று சிகிச்சைக்குச் சேர்க்க வேண்டும். சேர்ந்துவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை கிடைக்கும். அதற்கு ஈஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழைத் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்த அலைச்சலை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்ஐ இல்லாத குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு, 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். எந்த வழியானாலும் அனுமதி கைக்கு வந்தபிறகுதான் அட்மிஷன். சொந்தக்காரர்கள் தரும் பணத்தை ஒரே வங்கிக் கணக்கில் போட்டு, பாதியை டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்று நிறுத்தி வையுங்கள். பூஞ்சைத் தடுப்பு மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, வாடகை எல்லாம் அப்போதுதான் வரிசையாக வரும். மீட்டர் வட்டிக்குப் போவதற்கு முன் வங்கியில் நகைக்கடன் பாருங்கள்.

தங்கை தூக்கமில்லாமல், யாரிடமும் பேசாமல், எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதற்கு முன் இரண்டு நாள் அவரை வெளியே அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள். மாற்று ஆளை முதலிலேயே தயார் செய்யச் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அவர் கணவர் வேலைக்குத் திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். கெமிக்கல், தூசி உள்ள பிரிவாக இருந்தால் வேறு பிரிவு கேட்க வேண்டியிருக்கும். கம்பெனி எச்ஆரிடம் இந்தக் கால அளவை டாக்டரின் கடிதத்தோடு அட்மிஷனுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.