பியோரியாவில் வீடு வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சென்னையிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியாவுக்கு, கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தில் வேலை மாற்றல் வந்திருக்கிறது. எச்-1பி விசா. பள்ளி செல்லும் குழந்தைகள் இருவர். வீடு மலிவு, உடனே வாங்குங்கள் என்கிறார்கள் சிலர். மக்கள் குறைந்துகொண்டே போகும் ஊர், வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது? எனக்கும் வேலை கிடைக்குமா?

பதில்: முதலில் இந்த 'மக்கள் குறையும் ஊர்' என்ற பேச்சைப் பார்ப்போம். 1970 கணக்கெடுப்பில் பியோரியாவின் மக்கள்தொகை 1,26,963; 2020இல் 1,13,150. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தேய்கிற ஊர் என்றுதான் தோன்றும். ஆனால் 1980இல் 1,24,160 ஆக இருந்தது 1990இல் 1,13,504 ஆகிவிட்டது. பெரிய சரிவு முழுக்க அந்தப் பத்தாண்டில்தான். கேட்டர்பில்லர் பெரும் நட்டத்தில் ஆட்குறைப்பு செய்த காலம் அது. ஊரின் பெரிய சாராய ஆலையும், பக்கத்து பீர் ஆலையும் அப்போதுதான் மூடப்பட்டன. அதன் பிறகு முப்பது ஆண்டுகளாக எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நகராட்சி வடக்குப் பக்க நிலங்களைச் சேர்த்துக்கொண்டு எல்லையை விரித்தபடியே வந்தது. எல்லை விரிந்தும் மக்கள்தொகை கூடவில்லை என்றால், பழைய தெற்குப் பகுதி மொத்த எண் காட்டுவதைவிட அதிகமாகவே காலியாகியிருக்கிறது என்று பொருள். அதனால்தான் பியோரியாவின் சராசரி வருமானம், சராசரி வீட்டு விலை போன்றவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 61605 என்ற அஞ்சல் குறியீடு கொண்ட தெற்குப் பகுதி நாட்டிலேயே மிக ஏழ்மையானவற்றில் ஒன்று. வடக்கே பொறியாளர்களும் மருத்துவர்களும் வாழும் புதிய குடியிருப்புகள். ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் பழைய நகரப் பகுதிகளில். இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் வடக்கே. மலிவு வீடு என்று உங்களிடம் சொல்லப்படும் விலை எந்தப் பக்கத்து விலை என்று கேளுங்கள்.

பள்ளி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல. வடக்கே உள்ள சில வீடுகள் பியோரியா நகருக்குள்ளேயே இருக்கும். பள்ளி மட்டும் டன்லப் மாவட்டம். இந்தியப் பெற்றோர் தேடிப் போவது இந்த டன்லப்தான். நகரின் பெரும்பகுதி 150ஆம் எண் பள்ளி மாவட்டத்தில் வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிழக்குப் பியோரியா தனி நகரம். அது சேர்ந்த கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் போன்றது) வேறு. ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு முகவரியை வைத்துச் சரிபாருங்கள்.

வீட்டு விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் இல்லினாயின் சொத்து வரி கடுமையானது. பியோரியாவில் வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேலேயே போகும். இரண்டரை லட்சம் டாலர் வீட்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6,250 டாலர், அதாவது மாதம் 520 டாலர். கடன் தவணை முடிந்த பிறகும் இது நிற்காது. மாநில வருமான வரி வேறு, எல்லோருக்கும் ஒரே விகிதமாக 4.95 சதவீதம்.

அப்புறம் வேலை. கேட்டர்பில்லர் தலைமையகம் 2017இல் சிகாகோ பக்கம் போனது, 2022இல் டெக்சாசுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய அடி, மனத்தளவில். ஆனாலும் கிழக்குப் பியோரியாவின் புல்டோசர் ஆலையும் மாஸ்வில்லின் தொழில்நுட்ப மையமும் அங்கேயேதான் இருக்கின்றன. இன்று ஊரின் இன்னொரு தூண் மருத்துவம்: ஓஎஸ்எஃப் மருத்துவமனைக் குழுமத்தின் தலைமையகமும், இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் கிளையும் இங்கே உள்ளன. சுமார் 65 கி.மீ. தள்ளி ப்ளூமிங்டன்-நார்மலில் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனமும் ரிவியன் மின்சார வாகன ஆலையும் உண்டு. ரயில் கிடையாது, காரில்தான் போய்வர வேண்டும், பனிக்காலத்திலும். நீங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) போனால், கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகே பொதுவாக வேலை அனுமதி கேட்க முடியும். அதுவரை குடும்பம் ஒரே சம்பளத்தில்தான்.

அதனால் என் யோசனை: முதல் ஓராண்டு டன்லப் மாவட்டத்துக்குள் வாடகைக்கு இருங்கள். எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதே துறையில் அதே ஊரில் கோமாட்சுவின் சுரங்க லாரி ஆலையை விட்டால் வேறு பெரிய நிறுவனம் இல்லை. சிகாகோவில் வேலை கிடைத்தாலும் இரண்டரை மூன்று மணி நேரப் பயணம், தினமும் போய்வர முடியாது. வீட்டை விற்க வேண்டிவரும். விலை வேகமாக ஏறாத ஊரில் ஓரிரு ஆண்டில் விற்றால், தரகும் செலவும் கையைக் கடிக்கும்.

ஐ-140 வந்து, ஐந்தாறு ஆண்டு இருப்போம் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். அப்போது விற்பவரிடம் சென்ற ஆண்டின் சொத்து வரி ரசீதைக் கேளுங்கள். மூத்தோர் சலுகை கழித்த ரசீதாக இருந்தால் உங்களுக்கு வரி கூடும். அதையும் கவுண்டி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.