பழைய கன்வெர்டிபிள் (கூரை மடக்கும் கார்) வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1990-ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். விலை பேசிக்கொண்டிருக்கிறேன். கூரைத் துணி கிழிந்திருக்கிறது, சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஈரம், இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிவு. துணியை மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர். எதற்கு எவ்வளவு செலவு பிடிக்கும்?

பதில்: துணி இருக்கட்டும். கார்பெட்டை நனைத்த தண்ணீர் வேறு எங்கே இறங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் காரில் கூரையிலிருந்து வழியும் மழைநீர், பின்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் வாய்க்காலில் சேர்ந்து, சீட்டுகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள டிரெயின் துளைகள் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். சருகும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளும், கதவுக்குக் கீழே ஓடும் ஸில் பெட்டிக்குள்ளும் இறங்கும். ஸில் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே கீழே ஒழுகினால் வழி சுத்தம். தேங்கி நின்றால் தடித்த நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுக்கலாம். கம்பியால் குத்தினால் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி ரப்பர் வால்வு கிழியும். காற்றழுத்தம் கொடுத்தால் குழாயே கழன்றுகொள்ளும். பிறகு பின்சக்கரத்தை ஒட்டி ஸில் முடியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று அமுங்கினால் துரு. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் அங்கே மட்டும் ஒட்டாவிட்டால், பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

பணக்கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வேலை நேரமாகச் சொல்கிறேன். கூரை மாற்றுவது பழகிய கைக்கு ஒரு நாள் வேலை. அதோடு அந்தப் பிளாஸ்டிக் வாய்க்காலையும் மாற்றச் சொல்லுங்கள். பழையது விரிசல் விட்டிருந்தால் புதுக் கூரையிலும் ஒழுகும். ஸில் அப்படியல்ல. கெட்ட தகட்டை வெட்டி, புதிதாக வெல்டு செய்து, உள்ளே மெழுகு பீய்ச்சி, பெயின்ட் அடித்து முடிக்க ஒரு பக்கத்துக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். பாகம் மலிவு, கூலிதான் ஏறும். இரு பக்கமும் போயிருந்தால் இந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஆயில் கசிவுக்குப் பயப்பட வேண்டாம். கிராங்கின் (இன்ஜினில் சுழலும் முக்கிய அச்சு) பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதற்குமுன் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரை (வால்வுகளைத் திறக்கும் அச்சின் நிலையை அறியும் கருவி) பாருங்கள். அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காலப்போக்கில் இறுகிக் கசியும், ஆயில் கிளட்ச் பெட்டி மேல் வழியும். சில்லறைக் காசுப் பொருள், ஒரு மணி நேர வேலை. கழற்றுமுன் சென்சார் நிற்கும் இடத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்வது முக்கியம், இல்லையென்றால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மாறிவிடும்.

கிராங்கின் முன்முனையில் உள்ள புல்லியையும் (பெல்ட் ஓடும் சக்கரம்) பார்த்தே ஆக வேண்டும். 1989 முதல் 1991 வரை வந்த ஆரம்பகால இன்ஜின்களில் கிராங்கின் முன்முனை குட்டையானது. புல்லி முகப்பில் நான்கு வெட்டுகள் இருந்தால் இந்த ரகம், எட்டு இருந்தால் பின்னால் வந்த நீண்ட ரகம். குட்டை ரகத்தில் போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் சாவிப்பள்ளம் (சக்கரம் நழுவாமல் பிடிக்கும் பள்ளம்) தேய்ந்து, கிராங்கில் மாட்டிய பல்சக்கரம் ஆடத் தொடங்கும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது புல்லி தள்ளாடினால், கிராங்கையே மாற்றும் அளவுக்குச் செலவு போகலாம். கிராங்கையும் வால்வுகளையும் இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டின் ஆயுள் சுமார் 96,000 கி.மீ. மாற்றும்போது வாட்டர் பம்ப், டென்ஷனர், முன் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் பிரிக்கும் கூலி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது.

கேள்வி: என் காரின் மின்கூரை பாதியில் நின்றுவிடுகிறது. ஆயில் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பம்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். மோட்டார் சத்தமே இல்லையா? பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பிறகு டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரை. அது சரியாக விரிக்கப்படாவிட்டால் பல கார்களில் கூரை அசையாது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே இயக்கிப் பாருங்கள், பாதி புகார்கள் பலவீனமான பேட்டரியோடு முடிந்துவிடும்.

மோட்டார் ஓடியும் கூரை திணறினால் பம்பின் ஆயில் குறைந்திருக்கிறது, கூரையைத் தள்ளும் சிலிண்டர் எங்கோ கசிகிறது. 1989 முதல் 2001 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்எல் (ஆர்129) காரில் விண்ட்ஷீல்டுக்கு மேலிருந்து ஆயில் சொட்டுவது இதனால்தான். சிலிண்டரைக் கழற்றிப் புது சீல் போட்டுத் தரும் பட்டறைகள் உண்டு, புதுச் சிலிண்டர் வாங்குவதைவிட மிகக் குறைவாக முடியும். கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள், தவறான திரவம் எல்லா சீலையும் ஊதவைத்துவிடும். பாதியில் நின்ற கூரையைக் கையால் மூட, முதலில் கையேட்டில் காட்டியபடி பம்பின் அழுத்தத்தை விடுவியுங்கள். பிறகு பக்கத்துக்கு ஒருவராக இருவர் சமமாகத் தூக்க வேண்டும். ஒருவரே இழுத்தால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிவிட்டது. பாலிஷ் போட்டால் தெளியுமா?

பதில்: மேற்பரப்பு மங்கல் என்றால் பிளாஸ்டிக் பாலிஷில் தெளியும். மடிப்பில் வெடித்திருந்தால் தெளியாது. ஜிப் வைத்த கூரைகளில் கண்ணாடிப் பகுதியை மட்டும் மாற்றலாம். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம். கூரையை மடிக்குமுன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். கடும் குளிரில் மடிக்கவே கூடாது, விறைத்த பிளாஸ்டிக் மடிப்போடு உடைந்துவிடும்.