பழைய ஸ்போர்ட்ஸ் காரா, கேம்பர் வேனா?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெறப்போகிறார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஓபன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஊர் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கோ கேம்பர் வேன்தான் வேண்டும். படுக்க இடம், ஒரு அடுப்பு, மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு மூலை இருந்தால் போதும். இரண்டையும் வாங்க வசதி இல்லை. வண்டி நிறுத்தவும் ஒரே ஒரு இடம்தான், அதுவும் திறந்தவெளி. பெரும்பாலும் இரண்டு, மூன்று இரவுப் பயணம்தான் போவோம். எனக்கு முழங்கால் வலி உண்டு. நீங்கள் சொல்வதைக் கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். யார் பக்கம் பேசுவீர்கள்?

பதில்: நான் நடுநிலையாளன் இல்லை. வாழ்க்கையில் பாதியை ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டர் முன்னால் குனிந்தபடியே கழித்தவன். இன்றைக்கும் என்னிடம் ஒரு எம்ஜிபி, அதாவது பழைய பிரிட்டிஷ் ஓபன் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. அதனால் தன் கட்சியைத்தான் பேசுவேன் என்று உங்கள் கணவர் நம்பியிருப்பார். பேச ஆசைதான். ஆனால் வண்டி நிற்கப்போவது திறந்தவெளியில் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் தீர்ப்பு அங்கேயே முடிவாகிவிட்டது. வேன் வாங்குங்கள்.

பயணத்துக்கு வண்டி தேடுகிறவர்கள் அது ஓடப்போகும் நாட்களை மட்டுமே மனதில் வைத்துத் தேடுகிறார்கள். வளைந்து போகும் சாலை, காற்று, வெயில் எல்லாம் கண் முன்னால் வந்துவிடும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த வண்டி எங்கும் போகாமல் நிற்கும் என்பது மட்டும் வராது. பழைய ஓபன் கார்கள் கெட்டுப்போவது அந்த நாட்களில்தான். எம்ஜிபி போன்ற கார்களுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே எல்லா எடையையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ பகுதிதான் அதில் முக்கியமான தாங்கல். துணிக்கூரையின் ஓரத்தில் கசியும் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும், மெல்ல அந்த சில்லுக்குள்ளும் இறங்கும். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உறை போட்டு மூடினால் போதாதா என்று கேட்பார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், அது இன்னும் மோசம்.

அவர் என்றாவது அப்படி ஒரு காரைப் பார்க்கப் போனால் இதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடியும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். முன்பு உரசாத கதவு இப்போது உரசினால், அந்த பாடி வளைந்துகொடுக்கிறது என்று அர்த்தம். விற்பவர் என்ன கதை சொன்னாலும் கேட்காமல் வந்துவிடலாம்.

சரி, அவர் ஆசையில் நியாயம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரான கார். 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் உதிரிபாகத்துக்குத் திண்டாட வேண்டியதில்லை, பாடியைக்கூடப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1,798 சி.சி. எஞ்சின் மிக எளிமையானது. பேனட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நாலைந்து ஸ்பேனரும், மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் இருந்தால் வழியிலேயே பாதிப் பிரச்சினைகளைத் தீர்த்துவிடலாம். ஓட்டும் சுகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் 70 கி.மீ. வேகமே பறக்கிற மாதிரி இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லை, சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகக் கைக்கு வரும். ஓவர்டிரைவ் என்கிற கூடுதல் கியர் அமைப்பு பொருத்திய கார் கிடைத்தால், நேர்ச்சாலையில் ஒரு சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, சத்தம் அடங்கும். அந்தக் கணத்துக்காகவே நான் சுற்றுவழியில் போவதுண்டு.

ஆனால் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது நீங்கள். அந்த சீட்டில் யாரும் ஏறி உட்காருவதில்லை, இறங்கி விழ வேண்டும். வெளியே வரும்போது முழு எடையும் முழங்காலில்தான் விழும். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் படுத்திருக்கும். அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் மடங்கிக்கொடுக்கிற துணிப்பை இரண்டு வைக்கலாம், சூட்கேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆரம்பகால எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வேறு ஒளிந்திருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் பின்னால் அடுக்கிய சாமானையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். மழையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் பக்கம். நீங்கள் கேம்பர் வேன் என்றதும் மனதில் வருவது இரண்டு நிறம் அடித்த பழைய ஃபோக்ஸ்வாகனாக இருந்தால், தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். அதற்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. பென் பான் என்ற டச்சுக்காரர் 1947-ல் அதை ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினார், 1950-ல் தயாரிப்பு தொடங்கியது, மறு வருடமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் வைக்கும் படுக்கை, அலமாரி செட்டைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பார்க்க அழகு, ஓட்டவும் ஒரு தனி ஆனந்தம். ஆனால் அதுவும் ஒரு பழைய கார்தான். காற்றால் குளிரும் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது, அங்கே பெட்ரோல் ஹோஸ் இற்றுப்போய்க் கசிந்தால் சூட்டில் தீப்பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். பக்கக் காற்றடித்தால் தடம் விலகும். அதை வாங்கினால் அவர் பயப்படாத தலைவலியும் நீங்கள் பயப்படுகிற தலைவலியும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

ஆகவே அதிகம் வயதாகாத வேன். அதிலும் நிலையான படுக்கை உள்ளதாகப் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரப் படங்களில் அழகாகத் தெரிவது பாப்-அப் கூரை, அதாவது துணிச்சுவரோடு மேலே தூக்கித் திறக்கும் கூரை, வைத்த சின்ன வேன். உயரம் 2 மீட்டரை ஒட்டியே இருப்பதால் பல பார்க்கிங்குகளில் நுழையும். ஆனால் மேல்படுக்கைக்கு ஏற உங்கள் முழங்கால் சம்மதிக்காது. கீழே படுக்க வேண்டுமானால் தினமும் சாயங்காலம் சீட்டை மடக்கி, பலகையை இழுத்து, மெத்தையை விரிக்க வேண்டும், காலையில் அத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும். பத்து நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு அது பெரிதில்லை. இரண்டு இரவு போகிறவர்களுக்குப் பயணமே அதுவாகிவிடும். கூரைத் துணி நனைந்து வந்தால் வீட்டில் மறுபடி திறந்து காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நிலையான படுக்கை என்றால் வேன் நீளமாகும், 6 மீட்டரை நெருங்கும். உங்கள் நிறுத்துமிடத்தை ஒரு டேப் வைத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

எடையையும் கேளுங்கள். சாதாரண லைசென்ஸில் ஓட்டக்கூடிய உச்ச எடை பல நாடுகளில் 3,500 கிலோ. அலமாரி, அடுப்பு, பேட்டரி எல்லாம் ஏற்றிய பிறகு மிச்சமிருப்பதுதான் உங்கள் பங்கு. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ போய்விட்டது, அப்புறம் நீங்கள் இருவர், துணி, நாற்காலி. உள்ளே கேஸ் அடுப்பு எரிவதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் பியூட்டேன் சிலிண்டர் வேண்டாம், பூஜ்ய டிகிரியை நெருங்கும்போது அது வாயுவாக மாற மறுக்கும். புரோப்பேனுக்கு அந்தக் கவலை இல்லை. இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் கண்ணாடி, சுவர் எல்லாம் உங்கள் மூச்சுக்காற்றால் வியர்த்திருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் இதே மாதிரி ஒரு வேனை மூன்று இரவு வாடகைக்கு எடுங்கள். ஓட்டுவது அவர், கழிவுத் தண்ணீர் டேங்கைக் காலி செய்வதும் அவரே. திரும்பி வந்ததும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், அவர் முகம் தொங்காது. நாளைக்கு மூடிய ஷெட் ஒன்று கிடைத்து, உங்கள் முழங்காலும் சரியானால் மறுபடி எழுதுங்கள். நான் கட்சி மாறத் தயார்.

கேள்வி: கேம்பர் வேனில் ஃப்ரிட்ஜ் ஓட 100 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமா?

பதில்: 12 வோல்ட்டில் அது 1,200 வாட்-மணி. கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் எடுக்கிறது, பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வாட்-மணி ஆகும். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே ஒரு நாள் தாராளமாக ஓடும், இரண்டாம் நாள் திண்டாட்டம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இரண்டு நாள் நிம்மதி. வெயில் ஏறினால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், கணக்கும் மாறும்.

கேள்வி: எம்ஜிபியின் ஜிடி மாடலில் பின்சீட்டை மடக்கினால் படுத்துத் தூங்கலாம், தனியாக வேன் எதற்கு என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: 1965-ல் வந்த ஜிடிக்கு இரும்புக் கூரையும் பின்பக்கம் மேலே தூக்கும் கதவும் உண்டு. பின்சீட்டின் சாய்மானமும் மடியும். சாமான் வைக்க அருமையான இடம். தூங்க வேண்டுமென்றால் உங்கள் நண்பர் எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கி உள்ளேயே அரிக்கும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், பிரேக் டிஸ்க்கில் படிந்த துருவும் போகும். ஓட்ட முடியாவிட்டால் தொடவே தொடாதீர்கள். பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றை மாட்டி, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள். தரை சமமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள். நெடுநாள் இழுத்துவைத்த ஹேண்ட்பிரேக்கில் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.