கேள்வி – பதில்: சோதனையாளரை எப்போது அழைப்பது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைச் சுற்றியவை. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் 'அஜைல்' முறையில் நடக்கும் மென்பொருள் பணியில் சோதனையாளரும் நிரலாளரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதே அவற்றின் சாரம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஜாகீர் அம்மாபாளையத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனையாளராக இருக்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றுக்கான கிழங்குக் கொள்முதல் மென்பொருளை இரண்டு வார ஸ்பிரின்ட்களில், அதாவது குறுகிய பணிச் சுற்றுகளில், செய்துவருகிறோம். நிரலாளர்கள் இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை மாலையில்தான் பில்டு (இயக்கிப் பார்க்கத் தயாரான பதிப்பு) தருகிறார்கள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும். தாமதத்துக்கும் தப்பிப்போன பிழைகளுக்கும் பழி எங்கள் மீதே விழுகிறது. என்ன செய்வது? — வாசகி, சேலம்

பதில்: உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. முன்பெல்லாம் பல மாதங்கள் நிரல் எழுதிவிட்டு, கடைசியில் மொத்தமாகச் சோதனைக்கு அனுப்புவார்கள். உங்கள் குழுவில் நடப்பதும் அதே வரிசைதான். அதை இரண்டு வாரத்துக்குள் நெருக்கி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஸ்பிரின்ட்களாக வேலை செய்யும் ஸ்க்ரம் என்ற அஜைல் வகைக்கு 2020-ல் வெளியான வழிகாட்டி, குழுவுக்குள் துணைக்குழுக்களோ படிநிலைகளோ இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. சோதனையாளரும் அதன் கணக்கில் 'டெவலப்பர்' என்ற சொல்லுக்குள் அடங்கியவரே. அதே வழிகாட்டியின்படி, 'முடிந்தது' என்பதற்குக் குழு வகுத்துக்கொண்ட வரையறையை நிறைவு செய்யாத வேலையை ஸ்பிரின்ட் முடிவில் காட்டவே கூடாது; அது மீண்டும் பணிப் பட்டியலுக்குப் போக வேண்டும். உங்கள் குழுவின் வரையறையில் சோதனை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஸ்பிரின்ட் முடிவில் வேலை முறையை அலசும் கூட்டமான அடுத்த ரெட்ரோவில் நீங்கள் எழுப்ப வேண்டிய முதல் பேச்சு அதுதான்.

ஆனால் வரையறையைத் திருத்துவதால் மட்டும் வியாழக்கிழமை நெருக்கடி தீராது. பில்டு வந்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது என்ற எண்ணம் மாற வேண்டும். உங்கள் பணியையே எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்குக்கு நம் பக்கத்து ஆலைகள் எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. மாவுச்சத்து எவ்வளவு என்பதைக் காட்டும் பாயிண்டைப் பார்த்து விலை போடுகின்றன. ஒரு லோடு 10 டன், பாயிண்ட் 27.5, ஒரு டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு 400 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், விவசாயிக்குச் சேர வேண்டியது 1,10,000 ரூபாய். நிரலாளர் பாயிண்டை முழு எண்ணாகச் சேமித்து, தசமத்தை வெட்டிவிட்டால், கணக்கு 27 பாயிண்டுக்கு 1,08,000 ஆகிவிடும். ஒரே லோடில் 2,000 ரூபாய் விவசாயியின் கையை விட்டுப் போகும். 28 ஆக உயர்த்தினால் அதே 2,000 ஆலைக்கு நட்டம். இதை வியாழக்கிழமை இரவு நீங்கள் கண்டுபிடித்தால், தரவுத்தளத்தின் புலம், திரை, ரசீது, அறிக்கை என நான்கு இடங்களில் கை வைக்க நேரும். ஸ்பிரின்ட்டின் முதல் திங்கட்கிழமை, ஒரு வரி நிரல்கூட எழுதப்படாத நேரத்தில், "பாயிண்டில் அரை வருமா?" என்று கேட்டிருந்தால், அதற்கு ஆகும் செலவு அந்த ஒரு கேள்விதான்.

அப்படிக் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு ஸ்டோரியையும் (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வசதியை) தொடங்கும் முன், தேவையை அறிந்தவர், நிரலாளர், சோதனையாளர் ஆகிய மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதைத் துறையில் 'த்ரீ அமிகோஸ்' என்கிறார்கள். அங்கே விதிகளைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காமல், எண்களோடு கூடிய எடுத்துக்காட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். லோடு இறங்கிய நாளுக்கும் பணம் பட்டுவாடா ஆகும் நாளுக்கும் இடையே விலை மாறினால் எந்த நாளின் விலை? காலி லாரியின் எடையைப் பதியாமலேயே வண்டி போய்விட்டால் ரசீது அச்சாகலாமா? மண் கழிவைப் பாயிண்ட் பார்ப்பதற்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா? இவற்றுக்கு ஆலையின் எடைமேடையில் நிற்பவருக்கு உடனே விடை தெரியும். நிரலாளர் ஊகித்துத்தான் எழுதுவார். நீங்கள் எழுதித் தரும் அதே எண்களை நிரலாளர் தம் தானியங்கிச் சோதனைகளில் வைத்துக்கொண்டால், பில்டு உங்கள் கைக்கு வரும்போது கணக்குப் பிழைகள் பெரும்பாலும் நீங்கியிருக்கும். உங்கள் நேரத்தை, யாரும் எதிர்பாராத வழிகளில் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கச் செலவிடலாம்.

இன்னொன்று: ஆறு ஸ்டோரிகளை ஆறு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால், ஆறும் வியாழக்கிழமையன்றுதான் முடியும். லோடு பதிவு, பாயிண்ட் பதிவு, பட்டுவாடா எனச் சிறிதாகப் பிரித்து, இருவர் சேர்ந்து ஒன்றை முடித்த பின் அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் ஸ்டோரி மூன்றாம் நாளே உங்கள் கைக்கு வந்துவிடும். எழுதிய நிரலைக் குழுவின் பொது நிரலோடு சேர்ப்பதற்கு முன் நிரலாளரின் கணினியிலேயே பத்து நிமிடம் நீங்கள் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: நான் நிரலாளர். சோதனையாளர் எப்போதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தால், அவரது நடுநிலை போய்விடாதா? நான் நினைப்பதையே அவரும் நினைக்கத் தொடங்கிவிடுவாரே? மேலும், பேசித் தீர்த்த பிழைகளை, பிழைகளையும் பணிகளையும் பதியும் மென்பொருளான ஜிராவில் பதிய வேண்டுமா? — வாசகர், சூரமங்கலம்

பதில்: சில துறைகளில் உங்கள் அச்சம் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. விமானங்களின் மென்பொருளுக்கான டிஓ-178சி தரம், மிக ஆபத்தான நிலைகளில், எழுதியவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தத் தரமும்கூட இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. நடுநிலையைக் காப்பது நாற்காலியின் தூரமன்று; கேட்பவரின் மனப்போக்கும், கேட்டதற்காக அவர் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதியும்தான். தேவையைக் கேட்ட நாளில் உங்களோடு சேர்ந்து யோசித்தவர், நிரலைப் பார்க்கும் நாளில் அதை உடைக்கும் நோக்கத்தோடு வரலாம். நல்ல சோதனையாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அஜைல் அறிக்கை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரின் கையொப்பத்தோடு பிறந்தது. அவர்களில் பிரையன் மாரிக் சோதனைத் துறையிலிருந்து வந்தவர். சோதனையை இந்த முறையில் பின்னால் ஒட்டவைத்த வேலையாக நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பதிவைப் பொறுத்தவரை, இன்னும் முடியாத ஸ்டோரியில் கண்டு, அந்த மணி நேரத்துக்குள்ளேயே திருத்திய பிழைக்குத் தனிப் பதிவு தேவையில்லை. அது மீண்டும் வந்தால் காட்டிக்கொடுக்கும் தானியங்கிச் சோதனை ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். முடிந்ததாக அறிவித்த பிறகு வெளிப்படும் பிழையைக் கட்டாயம் பதியுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சோதனையாளர் எத்தனை பிழைகளைப் பதிந்தார், நிரலாளரின் பெயரில் எத்தனை விழுந்தன என்று எண்ணி ஊதிய உயர்வைத் தீர்மானிக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அதை நிறுத்தும்படி மேலாளரிடம் கேளுங்கள். அந்த எண்ணிக்கை இருக்கும் வரை, பேசித் தீர்க்க வேண்டிய சிறு பிழைகூட வழக்காகத்தான் மாறும்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலிருந்தே சோதிக்கிறேன், குழு சேலத்தில் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் தொழிலாளர்கள் பறித்த பழத்தின் எடையைக் கைப்பேசியில் பதியும் செயலி எங்களுடையது. சில பதிவுகள் இரண்டு முறை ஏறுகின்றன. நிரலாளரோ "எங்களுக்குச் சரியாகவே வருகிறது" என்று பிழையை மூடிவிடுகிறார். — வாசகி, ஏற்காடு

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். அவருடைய அலுவலகத்தில் இணைப்பு அறுபடுவதில்லை. உங்கள் மலையில் அறுபடுகிறது. செயலி பதிவை அனுப்பியிருக்கும், சர்வர் அதைச் சேமித்திருக்கும், ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போயிருக்கும். சிக்னல் திரும்பியதும் செயலி அதே பதிவை மீண்டும் அனுப்பும். பறித்த கிலோவுக்குக் கூலி என்ற கணக்கில் இது பணத்தைத் தொடும் பிழை, மூடிவிடத் தக்கதன்று.

அடுத்த முறை எழுத்தில் வாதாடாமல், திரையைப் பகிர்ந்துகொண்டு அவர் கண் முன்னே செய்து காட்டுங்கள். பதிவை அனுப்பிய நொடியில் விமானப் பயன்முறையைப் போட்டு, சிறிது நேரம் கழித்து எடுங்கள். நேரம் சரியாக விழச் சில முறை முயல வேண்டியிருக்கும். அவரே தம் சோதனைச் சூழலில் சர்வரின் பதிலைத் தாமதப்படுத்தினால் எளிதில் காண்பார். ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே தனி அடையாள எண் உருவாக்கி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் 'ஏற்கெனவே கிடைத்தது' என்று பதில் தருவது வழக்கமான தீர்வு. இதை நீங்கள் கட்டளையாகச் சொல்ல வேண்டாம். சேர்ந்து பார்க்கும்போது அவரே சொல்வார்.

நேருக்கு நேர் பேசுவதே தகவல் பரிமாற்றத்துக்குச் சிறந்த வழி என்பது அஜைலின் 12 கோட்பாடுகளுள் ஒன்று. எனவே ஸ்பிரின்ட்டின் முதல் நாளில் மட்டுமாவது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே வந்து, எடுத்துக்காட்டுகளை எழுதும் பேச்சில் கலந்துகொள்ளுங்கள். பழம் பறிக்கும் பருவத்தில் நிரலாளர் ஒரு நாள் மேலே வந்து எடை போடும் இடத்தில் நிற்பது அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: சோதனையாளராக விரும்பும் மாணவி நான். நிரல் எழுதக் கற்க வேண்டுமா? — வாசகி, கருப்பூர்

பதில்: நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் வினவல் எழுதவும், சிறு தானியங்கிச் சோதனை ஒன்றை மாற்றி எழுதவும் தெரிந்தால், நிரலாளரின் பக்கத்தில் உட்காரும்போது பேச்சு தடைபடாது. பைத்தான் என்ற நிரல் மொழியில் தொடங்குவது எளிது.