மேற்குப் பக்க ஓடு மட்டும் பறந்தது ஏன்?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை அருகே, மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். பொள்ளாச்சியில் உள்ள ஒரு காப்பீட்டுக் கம்பெனிக் கிளையில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி எடுத்து, வருடம் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். போன ஆடியில் அடித்த காற்றில் மேற்குப் பக்க ஓடுகள் பறந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை சாய்ந்து சமையலறைக் கூரையும் உடைந்தது. ஒன்றே முக்கால் லட்சம் கேட்டு விண்ணப்பித்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது, “கூரையின் சேதம் பழமையாலும் பராமரிப்புக் குறைவாலும் ஏற்பட்ட தேய்மானம்; அந்தத் தேதியில் புயல் எதுவும் பதிவாகவில்லை” என்று நிராகரித்துக் கடிதம் வந்திருக்கிறது. ஏஜென்ட், “விட்டுடுங்கக்கா, இனி வராது” என்கிறார். விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: விடாதீர்கள், சகோதரி. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கு இப்போது பெரிய பிடிமானமே அதுதான். நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இரண்டே காரணங்களுக்கு.

‘புயல் பதிவாகவில்லை’ என்பதை முதலில் பார்ப்போம். பாலிசிப் புத்தகத்தில் எந்தெந்த ஆபத்துக்குப் பணம் உண்டு என்ற பட்டியலை எடுங்கள். கடலில் உருவாகிப் பெயர் சூட்டப்படும் புயல் ஒன்று. பலத்த காற்றும் மழையுமாக அடிப்பது வேறொன்று. பட்டியலில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும். இதற்கும் கீழே, வெளியிலிருந்து ஒரு பொருள் மோதி ஏற்படும் சேதம் என்று இன்னொரு இனம் உண்டு. விழும் மரம் அதில் அடங்கும். அன்று காற்றே அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் தென்னை விழுந்தது விழுந்ததுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கடிதத்தில் தென்னையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் பதிலில் முதல் வரியாக இதைக் கேளுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கோ இருந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தாளில் காட்டியாக வேண்டும். வில்லேஜ் ஆபீசரிடம் சேதச் சான்று வாங்குங்கள். உங்கள் சித்தூர் தாலுகாவில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். அன்று லைன் அறுந்து கரண்ட் போயிருந்தால் கேரள மின்வாரியத்தின் (கே.எஸ்.இ.பி.) செக்‌ஷன் ஆபீசில் எழுதி வாங்குங்கள். வானிலைத் துறையிடம் அந்தத் தேதியின் காற்று, மழை விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மறுநாள் பேப்பரில் செய்தி வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேய்மானம். இதில்தான் நிறையப் பேர் தளர்ந்து போகிறார்கள், ஏனென்றால் கூரை பழசு என்பது உண்மை. பழசு என்பது வேறு, அன்று எதனால் விழுந்தது என்பது வேறு. எழுபது வயதுக்காரர் மீது வண்டி மோதினால், வயதாகிவிட்டது, அதனால் கால் முறிந்தது என்று எழுதுவார்களா?

வீட்டிலேயே சாட்சி இருக்கிறது, போய்ப் பாருங்கள். கிழக்குச் சரிவில் இருப்பதும் அதே வயது ஓடுதானே? அது நிற்கிறது, காற்று வந்த மேற்குச் சரிவு மட்டும் போயிருக்கிறது. தேய்மானம் திசை பார்த்து வராது. இரண்டு சரிவும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். பிறகு உடைந்த ஓடுகளைத் திருப்பிப் பாருங்கள். வெகுநாள் முன்பே விரிசல் விட்ட ஓட்டில் உடைந்த விளிம்பு பாசி படிந்து கறுத்திருக்கும். புதிதாக உடைந்ததில் உள்மண் செக்கச்செவேலென்று இருக்கும். கைமரமும் ரீப்பரும் அப்படித்தான்: கரையான் அரித்து விழுந்த மரம் பொடியாக உதிரும், பாரம் தாங்காமல் முறிந்தது வெள்ளையாகச் சிலும்பு சிலும்பாக நிற்கும். இவற்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள், ஓடுகளில் சிலவற்றைச் சாக்கில் கட்டி வையுங்கள். கூரை வேலை தெரிந்த ஆசாரியிடமோ, முடிந்தால் ஒரு சிவில் இன்ஜினியரிடமோ, பார்த்ததை எழுதி வாங்குங்கள்.

சர்வேயர் அறிக்கையின் நகலையும், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். தாளில் இருந்ததை உங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை என்றால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லியிருக்கிறது.

இத்தனையும் சேர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு அனுப்புங்கள், கூடவே காப்பீட்டுப் புகார்களுக்கான ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதியுங்கள். அதன் உதவி எண் 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, அடுத்தது காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான விவகாரங்களை விசாரிக்கிறார்கள். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

கேரளமா தமிழ்நாடா என்று உங்களை இங்கே அலைக்கழிக்கப் பார்க்கலாம். விதி தெளிவாக இருக்கிறது: நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய அலுவலகத்திலும் போகலாம், கம்பெனிக் கிளை இருக்கும் இடத்துக்கு உரியதிலும் போகலாம். அதாவது கொச்சியும் சரி, சென்னையும் சரி. நான் கொச்சியைத்தான் சொல்வேன். வில்லேஜ் ஆபீஸ் சான்று மலையாளத்தில் இருந்தாலும் அங்கே சிக்கல் இருக்காது, உங்கள் காற்றைப் பற்றியும் அதிகம் விளக்க வேண்டியிராது.

பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயும் கட்டணம் இல்லை. ஆனால் அவசரப்பட்டு முதலில் அங்கே போகாதீர்கள். வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். ஆம்புட்ஸ்மேனிடம் போக ஒரு வருடம், ஆணையத்துக்கு இரண்டு வருடம் கெடு.

இழுத்தடித்தபின் ஏதோ ஒரு தொகைக்கு இறங்கி வரக்கூடும். ‘முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டைக் குறைந்த மதிப்புக்குக் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லி அந்த விகிதத்தில் தொகையை வெட்டுவதும் உங்கள் பாலிசியில் செல்லாது.

வழக்கு முடியட்டும் என்று பிள்ளைகளைத் திறந்த கூரைக்குக் கீழே வைத்திருக்காதீர்கள். படங்களை எடுத்து முடித்ததும் தார்ப்பாய் போட்டு, வேண்டிய வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஓடு, மரம், கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். முதல் மனுவை இந்த வாரமே, ஒப்புகை அட்டையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.