கறிவேப்பிலைப் புழு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் தரைவீட்டில் இருக்கிறோம். வாசலில் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். பச்சைப் புழு வந்தால் ஒரே வாரத்தில் செடியை மொட்டையடித்துவிடுகிறது. மருந்து அடித்தேன், கொஞ்ச நாளில் மறுபடியும் வந்துவிட்டது. இந்தப் பூச்சிகளுக்கு அப்படி என்ன சக்தி ஐயா? செடியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, முதலில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். பறித்த கையோடு தாளிக்கிற இலை அது. மேலும், அந்த மருந்து உங்களுக்கு உதவி செய்கிறவர்களையும் சேர்த்துக் கொல்கிறது. அவர்கள் யார் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தப் புழு பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். இல்லையென்றால், கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பறக்கும் அதன் நெருங்கிய உறவுப் பூச்சியின் புழுவாக இருக்கும். புழு இலையைத் தின்கிறது. அதுவே இறக்கை முளைத்த பின் இலையைத் தொடுவதில்லை, இட்லிப்பூவில் தேன் குடிக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாட்டில் போட்டியே கிடையாது. பூச்சிகளின் வெற்றிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி என்று நான்கு பருவமாக வாழ்பவைதான் வண்டு, ஈ, கொசு, குளவி, எறும்பு எல்லாம். இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த வகை. வண்டுகள் மட்டுமே ஏறக்குறைய 4 லட்சம் இனங்கள். பாலூட்டிகள் மொத்தமும் சுமார் 6,500 இனங்கள்தான்.

சரி, ஏன் இத்தனை இனங்கள்? உங்கள் செடியிலேயே பார்க்கலாம். வெயில் ஏறியதும் ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி வந்தால் நகராமல் கவனியுங்கள். இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அதற்குக் காலிலேயே ருசி தெரியும். கறிவேப்பிலை, எலுமிச்சை, பம்ளிமாஸ், வில்வம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே உரிய ரசாயனம் காலில் பட்டால்தான் முட்டை வைக்கும். எருக்கைத் தின்னும் புழு உங்கள் கறிவேப்பிலை பக்கமே வராது. செடிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நஞ்சை உண்டாக்கிக்கொண்டன; அந்தந்த நஞ்சைத் தாங்கப் பழகிய பூச்சிகள் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன.

உடல் சிறியதாக இருப்பதும் பெரிய சௌகரியம். புழு இலையைத் தின்ன, அதே செடியின் கொழுந்தில் எள்ளளவுப் பூச்சி ஒன்று பின்பக்கத்தைத் தூக்கியபடி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதன் குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூலாகக் கழிவை வெளியேற்றும். ஒரே தொட்டியில் இரண்டு பிழைப்பு. இறக்கை விஷயமும் சேர்த்தி: பறவைகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூச்சிகள் பறந்துவிட்டன. அதனால்தான் நீங்கள் சுத்தம் செய்த செடிக்கு அடுத்த வீட்டிலிருந்து புதிது வந்துவிடுகிறது. நம் ஊரில் குளிர்காலமும் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை வண்ணத்துப்பூச்சியாகிவிடும்.

இனி செய்ய வேண்டியது. புழு தின்னும் இலையில் பெரும்பங்கு கடைசிப் பருவத்தில்தான் போகிறது. பச்சையாகக் கொழுத்த பிறகு கண்ணில் பட்டுப் பயனில்லை. காலையில் தண்ணீர் ஊற்றும்போது கொழுந்து இலைகளைப் புரட்டிப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் மணி போல் ஒற்றை ஒற்றையாக முட்டை இருக்கும். பொரித்த குட்டிப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, காக்கை எச்சம் என்றே நினைக்கத் தோன்றும், ஏமாறாமல் எடுத்துவிடுங்கள். பெரிதானதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் விடும், ஒன்றும் செய்யாது. செடி சிறியதென்றால் கொசுவலைத் துணியை இலையில் படாதபடி குச்சி நட்டு மூடுங்கள்.

உதவி செய்கிறவர்கள் என்றேனே, அவர்கள் சின்னஞ்சிறு குளவிகள். முட்டைக்குள்ளும் கூட்டுப்புழுவுக்குள்ளும் தங்கள் முட்டையை வைத்துவிடும். காய்ந்த கூட்டில் குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டை இருந்தால் அதிலிருந்து வெளியே போனது குளவி. வண்ணத்துப்பூச்சி என்றால் கூடு பிளந்திருக்கும். மருந்துக்கு இந்தக் குளவிகள்தான் முதலில் சாகும். பிறகு வரும் புழுக்களுக்கு எதிரி இல்லை. நீங்கள் கண்டது இதுவாகவே இருக்கலாம்.

சாறு உறிஞ்சியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். அது மொய்த்த கொழுந்தை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பக்கத்தில் எலுமிச்சைத் தொட்டி இருந்தால் கறிவேப்பிலையைத் தள்ளி வையுங்கள். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகி, காய் கோணிப்போகும் நோயின் கிருமியை எலுமிச்சைக்குப் பரப்புவது அந்தப் பூச்சிதான். அந்த நோய் வந்த செடியைக் குணப்படுத்த முடியாது.