மாமரத்து வெள்ளைக்கண்ணியும் மலை வெள்ளைக்கண்ணியும்

அன்பின் ஐயா,

போன கிழமை நுவரெலியா போனோம். விக்டோரியா பூங்காவில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னக் குருவிகள் கூட்டமாக நின்றன. எங்கள் வளவு மாமரத்துக்கு வருகிற அதே வெள்ளைக்கண்ணி என்றேன். கூட வந்த நண்பர், இது வேறு இனம் என்கிறார். நம்மூர்க் குருவி மேலே ஏறி, குளிரில் மாறி வேறு இனமாகிவிட்டதா?

வாசகர், ஆரையம்பதி

அன்பின் தம்பி,

நண்பர் சொன்னது சரி. நீங்கள் கண்டது இலங்கை வெள்ளைக்கண்ணி. இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது. உங்கள் வளவுக்கு வருவது இந்திய வெள்ளைக்கண்ணி. இரண்டும் தேன் குடிக்கும், பூச்சியும் பழமும் தின்னும், இலைக்குள் தலைகீழாகத் தொங்கும். கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். முதுகைப் பாருங்கள். மலையில் இருப்பதற்குப் பச்சையில் கருமை கூட, நம்முடையதற்கு மஞ்சள் கூட. மலைக்குருவி உடம்பிலும் சற்றுப் பெரிது. ஆனால் இரண்டும் பக்கத்தில் வந்து நின்றால்தானே அது தெரியும்!

இனி உங்கள் கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன், கேட்டவர்களுக்குச் சொல்லியும் வைத்தேன். மலைக்குருவியை ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1872இலேயே தனி இனமாக விவரித்துவிட்டார். அது எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதைக் காட்டியது 2017இல் வந்த மரபணு ஆய்வு. இரண்டும் உடன்பிறப்புகளே அல்ல. தனித்தனியாகத் தீவுக்கு வந்து சேர்ந்தவை. வெள்ளைக்கண்ணிகளில் ஏறக்குறைய நூறு இனங்கள் உண்டு. அந்தக் குடும்ப மரத்தின் அடியிலேயே பிரிந்த பழைய கிளை நம் மலைக்குருவி. மாமரத்துக் குருவியின் நெருங்கிய சொந்தங்களோ கடலுக்கு அப்பால், ஆசியாவின் மற்ற வெள்ளைக்கண்ணிகளுக்குள் இருக்கின்றன. நம்மூர்க் கணக்கில் சொன்னால், முகச்சாடையை வைத்து அண்ணன் தம்பி என்று நினைத்துவிட்டோம். விசாரித்தால் ஏழெட்டுத் தலைமுறைக்கு முன் பிரிந்த வழி.

ஆகவே கீழிருந்து யாரும் மேலே ஏறவில்லை தம்பி. மலையில் இருப்பவர்தான் பழைய வழி.

நடுமலைப் பக்கம் இரண்டையும் காணலாம். அடுத்த முறை செங்கலடியால் திரும்பி பதுளை வீதியில் ஏறுங்கள். அவசரப்படாமல் இடைக்கிடை நிறுத்திப் பாருங்கள். முதல் கரும்பச்சை முதுகு எந்த இடத்தில் தென்பட்டது என்று மறக்காமல் எழுதுங்கள்.